கைமாறிய கடிகாரமும் வாய்மையும்

சுவிட்சர்லாந்தில் செய்யப்பெறும் ரோலெக்ஸ், ஒமேகா முதலிய உயர்விலைக் கைக்கடிகாரங்களைப் பிறர் பயன்படுத்திய பின்னர் வாங்கும் வழக்கம் இந்நாளில் நம் இல்லங்களிலும் காணப்படுகின்றது. திருமணப் பரிசாகவும், தேர்ச்சி பெற்ற மகனுக்கோ மகளுக்கோ அளிக்கும் நினைவுப் பொருளாகவும் அவற்றை நாடுகின்றோம். நல்ல பொருளைப் பேணி மீண்டும் பயன்கொள்ளுதல் நன்றே. ஆயினும், பழைய கடிகாரத்திற்கு நாம் கொடுக்கும் விலையில் ஒரு பகுதியே உலோகத்திற்கும் இயந்திரத்திற்கும் உரியது. எஞ்சியது அதன் வரலாற்றிற்கு உரியது. அவ்வரலாறு மெய்யா என ஆராயும் முறையை இங்குக் காண்போம்.

ஒரு படிப்பினை

2021 நவம்பரில் ஜெனீவா நகரில் நடந்த ஏலம் ஒன்றில், 1957ஆம் ஆண்டு வகையைச் சார்ந்த ஒமேகா ஸ்பீடுமாஸ்டர் கடிகாரம் ஒன்று 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோயிற்று. தன் அருங்காட்சியகத்திற்காக அதனை வாங்கியது ஒமேகா நிறுவனமே. 2023ஆம் ஆண்டில், அது வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளைக் கூட்டிச் சமைத்தது என்று அந்நிறுவனமே அறிவித்தது. தன் முன்னாள் ஊழியர் மூவருக்கு இதில் தொடர்பு உண்டெனவும் கூறிற்று.

இதில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்கடிகாரத்தின் உறுப்புகளுட் பெரும்பாலானவை மெய்யான ஒமேகா உறுப்புகளே. உறுப்புகள் மெய், ஒன்றாய்ப் பிறந்தன என்ற கூற்றே பொய். ஆதலின், ‘இது அசலா?’ என்னும் ஒரு வினா போதாது. ‘எது மாற்றப்பட்டது? அதனைச் சொன்னார்களா?’ என்றும் வினவுதல் வேண்டும்.

ஆராயும் முறை

முதலாவது, எண். ரோலெக்ஸின் பழைய வகைகளில், பட்டையைக் கழற்றினால் 6 மணிப் பக்கத்தில், பட்டை பொருந்தும் இரு கொம்புகளுக்கு இடையே வரிசை எண் பொறித்திருக்கும். புதியவற்றில் முகப்பைச் சூழ்ந்த உள்வளையத்தில் அது காணப்படும். அவ்வெண்ணும் உத்தரவாதச் சீட்டிலுள்ள எண்ணும் ஒன்றாதல் வேண்டும். சுரண்டிய எண்ணுடைய கடிகாரத்தை எவ்விலைக்கும் வாங்கற்க.

இரண்டாவது, முகப்பு. 1960கள் தொட்டு 1990களின் இறுதி வரை, இருளில் ஒளிரும் பூச்சிற்கு டிரிட்டியம் பெரிதும் பயன்பட்டது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். 37 ஆண்டுகளில் எட்டிலொரு பங்காகிவிடும். எனவே, 1980இல் செய்ததெனச் சொல்லப்படும் டிரிட்டியக் கடிகாரம் இன்று இரவு முழுதும் சுடர்விடுமாயின், பூச்சோ முகப்போ பின்னர் மாற்றப்பட்டது என்று ஐயுறலாம்.

மூன்றாவது, உள்ளியந்திரம். தேர்ந்த பழுதுபார்ப்பவரைக் கொண்டு பின்மூடியைத் திறந்து பார்த்த பின்னரே விலை பேசுக. குரோனோமீட்டர் என்னும் சான்று பெறும் இயந்திரங்கள் புதிதாயிருக்கையில் 15 நாட்கள் சோதிக்கப்பெறுகின்றன. சராசரியாக நாளொன்றுக்கு 4 நொடிக்கு மேற் பிந்துதலும் 6 நொடிக்கு மேல் முந்துதலும் ஆகா என்பது அவற்றின் அளவை. பழைய கடிகாரத்திடம் அத்துணை எதிர்பார்த்தல் கூடாது; எனினும், நாளுக்குச் சில நிமிடங்கள் பிறழ்வதாயின் எண்ணெய் உலர்ந்திருத்தல் கூடும். துடைத்து எண்ணெயிடும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுக. மூடியில் நீர் புகாதது என்று பொறித்திருப்பினும், உள்ளிருக்கும் ரப்பர் வளையம் காலத்தால் இறுகிவிடும். அழுத்தச் சோதனை செய்யாமல் நீரில் நனைத்தலாகாது.

நான்காவது, வந்த வழி. விற்பவர் யார், அவருக்கு அது எவ்வாறு வந்தது என்று கேட்டு, பெயர், முகவரி, வரிசை எண் குறித்த இரசீது பெறுக. திருட்டுப் பொருள் என அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்துடன் ஒன்றை ஏற்பவருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க, 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு இடம் தருகின்றது. சட்டத்திற்கு நெடுங்காலம் முன்னரே, கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களுள், களவில் வந்த பொருளைக் கொள்ளுதலையும் போலியை மெய்யென விற்றலையும் நம் முன்னோர் வைத்தனர். மலிவு மிகுந்தவிடத்துக் கேள்வியும் மிகுதல் வேண்டும் என்பதே இதன் பயன்.

நாம் விற்குங்கால்

வாங்குபவராகிய நாமே ஒருநாள் விற்பவராகவும் ஆவோம். முள் மாற்றியது, முகப்பிற்குப் புதுப்பூச்சு இட்டது, உறையைத் தேய்த்து மெருகேற்றியது ஆகியவற்றைக் கேளாமலே சொல்லுதல் நம் கடன். பழுதுற்ற உறுப்பை மாற்றுதல் குற்றமன்று; அதனை மறைத்து முழுவிலை பெறுதலே குற்றம். உண்மை சொன்னால் சில ஆயிரம் குறையலாம். மறைத்தாலோ, நம்மை நம்பி வாங்கியவர், தாமறியாமலே அப்பொய்யை அடுத்தவரிடம் கொண்டு சேர்ப்பார்.

ஆதலின், பழுது பார்த்த சீட்டுகளைக் கடிகாரத்தோடு ஒரே பெட்டியில் பாதுகாத்து வைப்போம். அதனை நம்மிடமிருந்து பெறுபவர் பொருளோடு அதன் மெய்வரலாற்றையும் பெறுவாராக.