இட்லி அக்காவும் ரகசிய எண்ணும்

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி உண்டு. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். சில சந்துகளில் பல வீடுகளில் இட்லி அவிக்கிறார்கள். விடியும் முன்பே அடுப்பு எரியும். ஆண்கள் இட்லியைப் பாத்திரத்தில் சுமந்துபோய் விற்பார்கள்.

அப்படி ஒரு சந்தில் ஒரு அக்கா இருக்கிறார். இட்லி அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நாற்பது வயதுக்கு மேல் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டவர். அவருடைய செல்போனில் யு.பி.ஐ. இருக்கிறது. 2016-ல் இந்தியாவில் வந்த முறை இது. பேங்குக்குப் போகாமலே பணம் கொடுக்கலாம், வாங்கலாம்.

ஒரு நாள் மத்தியானம். அக்கா அரிசி ஊறப் போட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. ஒரு ஆள் இந்தியில் பேசினான்.

"அம்மா, நான் ராணுவத்தில் இருக்கிறேன். நாளைக்குக் காலையில் எங்கள் முகாமுக்கு 600 இட்லி வேண்டும். 3,000 ரூபாயும் இப்போதே தந்துவிடுகிறேன்."

அக்காவுக்குச் சந்தோஷம். ஒரே இடத்தில் 600 இட்லி!

"உங்கள் வீட்டுக்காரர் போனுக்கு ஒரு கியூ.ஆர். படம் அனுப்புகிறேன். உங்கள் போனில் அதை ஸ்கேன் பண்ணுங்கள். 3,000 என்று காட்டும். பின் நம்பரைப் போடுங்கள். பணம் வந்துவிடும்" என்றான்.

அக்கா அப்படியே செய்தார். பணம் வரவில்லை. கணக்கிலிருந்து 3,000 ரூபாய் போய்விட்டது.

"ஐயோ அம்மா, தப்பு நடந்துவிட்டது. கவலை வேண்டாம். இன்னொரு படம் அனுப்புகிறேன். இரண்டும் சேர்த்து 6,000 வரும்" என்றான். பதற்றத்தில் அக்கா மறுபடியும் பின் நம்பரைப் போட்டார். இன்னும் 6,000 போனது. மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வைத்திருந்த பணம் அது.

எங்கே தப்பு நடந்தது? இதைப் படிக்கும் நீங்கள் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள்.

பின் நம்பர் என்பது 4 அல்லது 6 இலக்கம் உள்ள ரகசிய எண். நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போக அது வேண்டும். பணம் உள்ளே வர அது வேண்டவே வேண்டாம். ஸ்கேன் பண்ணவும் வேண்டாம். உண்டியலில் காசு போடுகிறவர் சாவி கேட்பாரா? பணம் தருகிறேன், பின் நம்பரைப் போடு என்று யார் சொன்னாலும் அது ஏமாற்று வேலை.

நிறையப் பேர் பிறந்த வருஷத்தையோ 1234 என்றோ பின் நம்பராக வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆபத்துதான். போன் தொலைந்தால் எடுத்தவன் முதலில் இவற்றைத்தான் போட்டுப் பார்ப்பான். அக்கா விஷயத்தில் திருடனுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் வந்தாள்.

"என்ன அத்தை, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

அக்கா அழுதுகொண்டே சொன்னார். "வெளியே சொல்லாதே கண்ணு. வெட்கமா இருக்கு."

"வெட்கப்பட நேரம் இல்லை அத்தை. முதல்ல 1930-க்குப் போன் போடுங்க."

1930 என்பது இணைய வழிப் பண மோசடியைத் தெரிவிக்க மத்திய அரசு வைத்திருக்கும் எண். எந்த பேங்க், எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது என்று கேட்பார்கள். பணம் போனதற்கு வந்த செய்தியில் ஒரு நீளமான எண் இருக்கும். அதையும் சொல்ல வேண்டும். ஆகவே அந்தச் செய்தியை அழிக்கக் கூடாது. திருடன் எடுப்பதற்கு முன்னால் தெரிந்தால், போன கணக்கிலேயே பணத்தை நிறுத்தி வைக்க முடியும்.

பேங்குக்கும் உடனே சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. ரகசிய எண்ணைக் கொடுத்து நாமே ஏமாந்திருந்தால், பேங்குக்குச் சொல்லும் வரை போன பணம் நம் நஷ்டம். சொன்ன பிறகும் போனால் அது பேங்கின் பொறுப்பு. அதனால்தான் ராத்திரி போகட்டும், காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

அக்காவின் பணத்தில் 4,000 ரூபாய் மட்டும் அகப்பட்டது. அது கைக்கு வரவும் பல நாள் அலைந்தார். மீதி 5,000 போனது போனதுதான். மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கடன் வாங்கிக் கட்டினார்.

அந்தப் பெண் இன்னொரு காரியமும் செய்தாள். அக்காவின் போனில் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் எந்தப் பொத்தான் எதற்கு என்று படிக்காமலே அமுக்கி வந்தார். யு.பி.ஐ. செயலிகள் பலவற்றில் தமிழும் உண்டு. அவள் அதைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தாள்.

சில மாதம் கழித்து மறுபடியும் ஒரு போன். 400 இட்லி வேண்டுமாம். இந்த முறையும் ஒரு படம் வந்தது. அக்கா ஸ்கேன் பண்ணினார். பின் நம்பரைப் போடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். செ-லு-த்-து.

"வாங்குறதுக்கு எதுக்கு செலுத்தணும்? காசைக் கையில கொண்டு வா தம்பி. இட்லி சூடா இருக்கும்" என்றார்.

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.