இலவச கிரெடிட் கிடைச்சிருக்கா? கையெழுத்துக்கு முன் ஒரு நிமிடம்!

உங்கள் ஸ்டார்ட்அப், ஒரு பெரிய நிறுவனத்தின் ஆதரவுத் திட்டத்தில் தேர்வாகியிருக்கிறதா? வாழ்த்துகள்! ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை ஒருமுறை படிச்சிடுங்க.

என்ன தருகிறார்கள்?

மைக்ரோசாஃப்ட் 2008-லேயே ‘பிஸ்ஸ்பார்க்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. இன்று அமேசானின் ‘ஏ.டபிள்யூ.எஸ். ஆக்டிவேட்’, ‘கூகுள் ஃபார் ஸ்டார்ட்அப்ஸ்’ எனப் பல இருக்கின்றன. கிளவுட் கிரெடிட், நிபுணர் ஆலோசனை, பயிற்சி ஆகியவை கிடைக்கும். கூகுளின் ஆக்சிலரேட்டர் திட்டம் உங்கள் நிறுவனத்தில் பங்கு கேட்பதில்லை.

தொழில்முனைவோர் என்ன நினைக்கிறார்கள்?

‘கையில் காசு இல்லாத முதல் வருஷத்தில் இது பெரிய உதவி’ என்பது ஒரு பார்வை. ‘இன்றைக்கு இலவசம் கொடுத்து நாளைய வாடிக்கையாளரைப் பிடிக்கிறார்கள்’ என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். உங்கள் ஆப்பின் சர்வர் செலவு மாதம் ரூ.40,000 என்று வைத்துக்கொள்வோம். ரூ.4.8 லட்சம் கிரெடிட் ஒரு வருடம் ஓடும். பில் வராததால் செலவை யாரும் கவனிக்க மாட்டோம். 13-வது மாதம் கிரெடிட் தீர்ந்ததும் ரொக்கம் கட்ட வேண்டும். வேறு இடத்துக்கு மாறலாம் என்றால், அந்த நிறுவனத்தின் பிரத்யேக டேட்டாபேஸை நம்பி எழுதிய புரோகிராமைத் திருத்தி எழுதணும். அதனால் முதல் மாதத்திலிருந்தே ‘கிரெடிட் இல்லையென்றால் எவ்வளவு?’ என்று குறித்து வையுங்கள்.

‘பைலட்’ வேலையா? கவனம்!

சில நிறுவனங்கள் உங்கள் தயாரிப்பைச் சோதனைக்குக் கேட்கும். காசில்லாமல் மாதக்கணக்கில் இழுபடும் சோதனைதான் பலரின் மனக்குறை. எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், வெற்றி என்றால் ஆர்டர் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நிறுவனத்தை ‘உத்யம்’ தளத்தில் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனம் பொருளோ சேவையோ கொடுத்தால், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம். தாமதமானால் வட்டியும் கேட்கலாம். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ள வசதியாக்க மன்றங்கள் இந்தப் புகார்களை விசாரிக்கின்றன.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

• கிரெடிட் எந்தத் தேதியில் காலாவதி ஆகும்?
• பங்கு கேட்கிறார்களா?
• நாம் உருவாக்கும் புரோகிராமும் டேட்டாவும் யாருக்குச் சொந்தம்?
• போட்டி நிறுவனத்துடன் வேலை செய்யத் தடை உண்டா?
• பாதியில் விலகினால் என்ன ஆகும்?

பதில் வாய்மொழியாக வந்தால் போதாது, மெயிலில் வாங்கிடுங்க. உதவியை வாங்குவதில் தயக்கம் வேண்டாம். அது முடியும் நாளுக்கும் இன்றே தயாராகுங்கள்!