ஓய்வு நாள்களில் பழந்திரைப்படங்கள்

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்குப் பகற்பொழுது மிக நீண்டதாகத் தோன்றும். குலசேகரம் வட்டாரத்தில் விடியுமுன்னரே வீட்டார் ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்வெட்டச் சென்றுவிட, நோயுற்றவர் தனித்திருக்கும் இல்லங்கள் பல. பகலெல்லாம் உறங்கிவிட்டு, நள்ளிரவில் கைப்பேசியில் படம் பார்த்து, மறுநாள் சோர்ந்து கிடப்போரை நாம் காண்கிறோம். பழைய படங்கள் நல்ல துணைதான். ஆனால் அவற்றுக்கும் ஒரு கால அட்டவணை வேண்டும்.

மருந்து, உணவு, நடை, உறக்கம் ஆகியவற்றின் நேரங்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். எஞ்சிய பொழுதில்தான் படத்துக்கு இடம். முற்பகலில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் போதும். இரவு 8 மணிக்குப் பின் வேண்டாம்.

ஒரே இருப்பில் முழுப்படம் பார்ப்பதை நாம் விரும்புவதில்லை. நெடுநேரம் அசையாதிருந்தால் காலின் உட்சிரைகளில் இரத்தம் உறையக்கூடும். ஆகவே, மருத்துவர் நடக்க அனுமதித்திருந்தால், ஒவ்வொரு மணிக்கும் எழுந்து சற்று நடங்கள். படுக்கையில் இருப்போர் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். திடீரென மூச்சுத் திணறினாலோ ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

எதை முதலில் பார்ப்பது? நாகர்கோவில் தந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் ‘நல்லதம்பி’ (1949), ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) ஆகியவற்றையே பலரும் நாடுவர். வயிற்றில் தையல் உள்ளவர்கள் இவற்றைச் சில வாரம் தள்ளி வைப்பது நன்று. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியில் சிரிப்பை அடக்க யாரால் இயலும்! மகப்பேற்று அறுவை முடிந்த தாய்மாருக்கும் இது பொருந்தும். சிரிப்போ இருமலோ வந்தால் தலையணையொன்றைத் தையலின்மேல் மெல்ல அழுத்திப் பிடியுங்கள், வலி குறையும்.

தொடக்கத்தில் பாடலே இல்லாத ‘அந்த நாள்’ (1954) ஏற்றது. கொலையாளி யார் என்ற வினா மறுநாள்வரை மனத்தில் நிற்கும். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) மருத்துவமனைக்குள்ளேயே நிகழும் கதை. சிறந்த படம், எனினும் அறுவைக்குக் காத்திருப்போர் அதைப் பின்னர் பார்க்கட்டும்.

1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் இது. மலையாளம் அறிந்த பெரியவர் ‘செம்மீன்’ (1965) கேட்டால், தமிழ்ப் படத்தை அவர்மேல் திணிக்காதீர்கள். தேர்வு நோயாளியுடையது, உடனிருப்போர் அருகில் அமர்ந்து பார்த்தால் போதும்.

‘சந்திரலேகா’ (1948) மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அதை மூன்று நாள்களுக்குப் பகிர்ந்து வையுங்கள். முரசு நடனம் இறுதி நாளுக்கு வரும். எவ்விடத்தில் நிறுத்தினீர்கள் என்பதை, மருந்து நேரம் எழுதிய அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.