கண்புரை ஆபரேஷன்: எந்த லென்ஸ் உங்களுக்குச் சரி?

"கண்ல புரை முத்திடுச்சு, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று டாக்டர் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "எந்த லென்ஸ் வைக்கலாம்?" தனியார் மருத்துவமனை என்றால் கையில் ஒரு விலைப்பட்டியலும் வந்துவிடும். ஒரு பக்கம் சாதாரண லென்ஸ். இன்னொரு பக்கம், கண்ணாடியே தேவைப்படாது என்று சொல்லப்படும் மல்டிஃபோகல் லென்ஸ். விலையில் பல மடங்கு வித்தியாசம். 'அம்மாவோட கண்ணாச்சே, நகையை வச்சாவது நல்லதை வாங்கிடுவோம்' என்று பிள்ளைகள் முடிவெடுப்பது இந்த இடத்தில்தான்.

கொஞ்சம் பொறுங்க. விலை கூடுதலான லென்ஸ் எல்லாக் கண்ணுக்கும் பொருந்தாது. ஒருமுறை வைத்தால் ஆயுளுக்கும் இருக்கப்போகிற பொருள் இது. பிடிக்கவில்லை என்று பிறகு மாற்றுவது சுலபமல்ல.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஆபரேஷனில் மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள்.

மோனோஃபோகல் லென்ஸ் ஒரே தூரத்துக்கானது. பெரும்பாலும் தூரப்பார்வைக்கு வைப்பார்கள். பஸ் போர்டு, டிவி எல்லாம் தெளிவாகத் தெரியும். செல்போன், செய்தித்தாள் படிக்க மட்டும் கண்ணாடி போட வேண்டும்.

மல்டிஃபோகல் லென்ஸ், கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பிரித்துக் கொடுக்கிறது. அதனால் பல வேலைகளைக் கண்ணாடி இல்லாமலே செய்யலாம். ஆனால், வெளிச்சத்தைப் பங்கு போடுவதால் மங்கலான இடத்தில் பார்வையின் துல்லியம் கொஞ்சம் குறையலாம். இரவில் வண்டிகளின் ஹெட்லைட்டைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். மூளை இதற்குப் பழக சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படுபவர்களும் உண்டு.

சிலிண்டர் பவர் இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் தனியாக இருக்கிறது. அது மோனோஃபோகல், மல்டிஃபோகல் இரண்டு வகையிலும் கிடைக்கிறது.

யார் யோசிக்க வேண்டும்?

சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், கண் அழுத்த நோய் முற்றியவர்கள், கருவிழியில் தழும்பு உள்ளவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக மல்டிஃபோகல் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஏற்கெனவே குறைந்திருக்கும் பார்வைத் துல்லியம் இன்னும் குறையக்கூடும் என்பதே காரணம். கண் வறட்சி இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை எடுக்க வேண்டும். இரவில் லாரி, டாக்ஸி ஓட்டுபவர்கள் ஒளிவட்டப் பிரச்சினையை டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஒரு நாள் கணக்கு எழுதுங்க

ஆபரேஷனுக்கு முன் ஒரு நாள், கண்ணால் செய்யும் வேலைகளை செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் படிக்கிறீர்கள்? பூ கட்டுவது, தையல் போன்ற கிட்டத்து வேலை உண்டா? கம்ப்யூட்டர் முன்னால் எத்தனை மணி நேரம்? ராத்திரி வண்டி ஓட்டுகிறீர்களா? வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுவது உங்களுக்கு உண்மையிலேயே தொந்தரவா? பகலெல்லாம் வயல் வேலை, சாயங்காலம் டிவி என்று இருக்கும் ஒருவருக்கு மோனோஃபோகலே போதுமானதாக இருக்கலாம். நாள் முழுக்கப் பில் போடும் கடைக்காரர், கண்ணும் ஆரோக்கியமாக இருந்தால், மல்டிஃபோகலை யோசிக்கலாம். இந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. என் விழித்திரையும் கருவிழியும் மல்டிஃபோகலுக்கு ஏற்றதாக இருக்கிறதா?
2. எனக்குச் சிலிண்டர் பவர் எவ்வளவு?
3. எந்தெந்த வேலைக்கு அப்புறமும் கண்ணாடி தேவைப்படும்?
4. லென்ஸ், பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? எழுத்தில் தர முடியுமா?
5. இன்சூரன்ஸில் எவ்வளவு கிடைக்கும்? (பல பாலிசிகளில் கண்புரைக்குத் தனி உச்சவரம்பு உண்டு.)

பணமில்லையே என்று தள்ளிப்போடாதீங்க

அரசு மருத்துவமனைகளில் கண்புரை ஆபரேஷன், லென்ஸ் உட்பட இலவசமாகச் செய்யப்படுகிறது. 1819-ல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் இதில் அடக்கம். விலை குறைந்த லென்ஸ் தரம் குறைந்தது என்ற பயமும் வேண்டாம். மதுரையில் 1992-ல் ஆரம்பித்த ஆரோலேப், குறைந்த விலையில் தயாரிக்கும் லென்ஸ்கள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. மல்டிஃபோகலுக்காகப் பணம் சேரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் புரை மிகவும் முற்றி ஆபரேஷன் சிரமமாகலாம். பார்வை மங்கியவர் வீட்டுக்குள்ளேயே தடுக்கி விழும் ஆபத்தும் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் பேசலாம். ஆபரேஷன் முடிந்ததும், பொருத்திய லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் உள்ள அட்டையை மறக்காமல் வாங்கி, போட்டோ எடுத்து செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன் செய்யும்போது டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.