முதியோர் மயங்கி விழுவது ஏன்?

பத்து பாகாட்டில் கடை வைத்திருக்கும் நம்மவர் குடும்பங்களில் வயதான ஒருவர் விழுந்துவிட்டார் என்றால், அடுத்து வரும் வார்த்தை பெரும்பாலும் 'வழுக்கிவிட்டது' என்பதாகத்தான் இருக்கிறது. ஒளுச் செய்த இடத்தில் ஈரம், குளியலறையில் சோப்பு, கடைப் பின்கட்டில் யாரோ போட்டுவிட்டுப் போன சாக்கு என்று ஏதாவதொன்றின் மீது பழி போடப்படுகிறது. தரையைத் துடைத்து, ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிப் போட்டதும் விஷயம் முடிந்துவிடுகிறது. ஈரத்தரை வழுக்கும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் காய்ந்த தரையிலும், கட்டிலைவிட்டு எழுந்த இரண்டாவது அடியிலும், கல்லாவை விட்டு எழுந்து மேல்தட்டுக்குக் கை நீட்டிய மாத்திரத்திலும் விழுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை எது வழுக்கியது?

விழுந்தவரையே கேட்டால் தெரிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. இரண்டொரு வினாடி நினைவு தப்பிய முதியவர்களில் பலருக்கு, நினைவு தப்பியதே ஞாபகத்தில் இருப்பதில்லை. "இல்லை தம்பி, கால் இடறிவிட்டது" என்றுதான் அவர் சொல்வார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அவ்வளவுதான் தெரியும். கீழே விழும்போது கையை ஊன்றிக்கொள்ளாமல் முகத்தில் அடிபட்டிருந்தால், முதலில் மயக்கம், பிறகுதான் வீழ்ச்சி என்று சந்தேகிக்க வேண்டும்.

மயக்கம் வரும் விதத்தைச் சிறிது பார்ப்போம். படுத்திருப்பவர் எழுந்து நின்றவுடன், அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துக் குழாய்களிலும், இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாயிலும் உள்ள நரம்பு முனைகள் இதை உடனே உணர்ந்து தகவல் அனுப்புகின்றன. இருதயம் விரைந்து அடிக்கிறது. இரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்கின்றன. மூளைக்குப் போகும் இரத்தம் குறையாமல் காக்கப்படுகிறது. வாலிபருக்கு இவையெல்லாம் சில வினாடிகளில் நடந்துவிடுகின்றன. வயது ஏற ஏறக் குழாய்கள் விறைத்து, இந்த ஏற்பாடு மந்தமாகிறது. நீண்டகாலச் சர்க்கரை வியாதி அந்த நரம்புகளையே கெடுக்கிறது. இந்நாட்டு இந்தியரிடையே சர்க்கரை வியாதி எவ்வளவு அதிகம் என்பதை நாம் அறிவோம். அப்போது எழுந்து நின்றவருக்கு அழுத்தம் சரிந்து, கண் இருண்டு, முழங்கால் மடங்குகிறது. பிராட்பரி, எகிள்ஸ்டன் என்ற அமெரிக்க டாக்டர்கள் இருவர் 1925-ஆம் ஆண்டிலேயே இதைத் தனி வியாதியாக எடுத்து எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே, 'அத்தாவுக்குப் பிரஷர் அதிகம், அவருக்கு எப்படிக் குறையும்?' என்று கேட்பது சரியன்று. உட்கார்ந்திருக்கும்போது அதிகமாக இருக்கும் அதே மனிதருக்கு நிற்கும்போது சரியலாம். உதாரணமாக, படுத்திருக்கையில் 152-க்கு 84 என்று இருந்து, எழுந்து நின்றதும் 118-க்கு 70 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளினிக்கில் நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தால் முதல் கணக்கைப் போன்ற ஒன்றுதான் சீட்டில் ஏறும். இரண்டாவது கணக்கு எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆளைக் கீழே தள்ளுவதோ அந்த இரண்டாவது கணக்கு.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை அளந்தால் போதும். மேல் எண் 20-ம் அதற்கு மேலும் குறைந்தாலும், அல்லது கீழ் எண் 10-ம் அதற்கு மேலும் குறைந்தாலும், அதை வைத்திய உலகம் நிற்கும்போது வரும் தாழ்வழுத்தம் என்று 1996-ஆம் ஆண்டு முதல் ஒருமுகமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அழுத்தம் பார்க்கும் பெட்டி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள நிற்கையில் வீட்டிலேயே எடுத்து எழுதிக்கொண்டு போகலாம். கிளினிக்கில் கேட்பதானால் நமக்குத் தெரிந்த மலாயே போதும்: "தோலோங் அம்பில் தெக்கானான் டாரா வாக்து பெர்டிரி." நிற்கும்போது எடுங்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கூட்ட நெரிசலில் அவர்கள் விட்டுவிடுவதை நாம் நினைவூட்டுகிறோம், அவ்வளவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்ததும், 'விழுவதற்கு மாத்திரைதான் காரணம்' என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுவோர் இருப்பார்கள். அது பேரபாயம். 2008-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி ஒன்றில், எண்பது வயதைக் கடந்த 3,845 பேரைப் பார்த்தார்கள். மாத்திரை பெற்றவர்களிடையே மரணங்கள், பெறாதவர்களைவிட 100-க்கு 21 பங்கு குறைந்திருந்தன. பாரிசவாதமும் குறைவாகவே கண்டது. 2015-இல் அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடத்தி முடித்த இன்னொரு பெரிய ஆராய்ச்சியில், அழுத்தத்தை 120-க்குக் கீழ் கொண்டுவந்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற கேடுகள் குறைந்தன. மயக்கம் சற்றுக் கூடியது. ஆனால் காயம்படும் வீழ்ச்சிகள் கூடவில்லை. ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. நிற்கும்போது அழுத்தம் மிகவும் தாழ்ந்திருந்தவர்களை இவ்விரண்டு ஆராய்ச்சிகளிலும் சேர்க்கவே இல்லை. நம் வீட்டுப் பெரியவர் அந்தச் சேர்க்காத கூட்டத்தைச் சேர்ந்தவரா என்பதை, அவரை நிற்கவைத்து அளந்தால்தானே அறிய முடியும்? அப்படிச் சரிகிறவருக்கும் மாத்திரையை அப்படியே கைவிடாமல், வகையை மாற்றிக் கொடுத்துப் பார்க்குமாறு 2024-இல் அமெரிக்க இருதயச் சங்கம் டாக்டர்களுக்குச் சொல்லியிருக்கிறது. இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டியவர் டாக்டர். மகனோ மருமகனோ அல்லர்.

உண்மையில் பிரஷர் மாத்திரையைவிட அதனோடு சேரும் மற்றவற்றின் மீதுதான் நமக்குச் சந்தேகம் அதிகம். மூத்திரக் கோளாறுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரை, தூக்க மாத்திரை, நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை ஆகியவை சேரும்போது ஆள் தள்ளாடுகிறார். கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் வெளியிட்ட முடிவும் இதுதான்: மாத்திரைகளின் எண்ணிக்கையைவிட, விழவைக்கும் தன்மையுடைய மருந்துகள் இரண்டும் அதற்கு மேலும் சேர்வதே வீழ்ச்சியோடு தொடர்புடையது. ஒரு டாக்டர் கொடுத்ததை மற்றவர் அறியாததால் பல வீடுகளில் இந்தச் சேர்க்கை உண்டாகிறது. எனவே மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் சென்று டாக்டர் மேசையில் கொட்டுங்கள். கூச்சப்படாமல் இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். தொங்காட் அலி சேர்ந்தது, உடலுக்குப் பலம் தருவது என்று விற்கப்படும் சில காப்பித் தூள்களில் சில்டனாபில், தடலாபில் என்ற ஆங்கில மருந்துகள் ரகசியமாகக் கலந்திருந்ததை மலேசியச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலி மாத்திரை சாப்பிடுபவர் அதைக் குடித்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். நம் கடைத் தட்டில் அது இருந்தால், விற்பவர் நாமாகவும் இருப்போம்.

எந்த நேரத்தில் விழுகிறார் என்பதையும் கவனியுங்கள். சுபுஹுக்கு அவசரமாக எழும் நேரம், நடுநிசியில் சிறுநீருக்குப் போகும் நேரம், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகியவை பொல்லாதவை. சாப்பாட்டுக்குப் பின் இரத்தம் குடலுக்குத் திரும்புவதால் முதியோருக்கு அழுத்தம் இறங்குகிறது. பழைய கடைவீடுகளில் படுக்கை மாடியில், கக்கூஸ் கீழே பின்கட்டில். நடுவே செங்குத்தான மரப்படி. அதிலும் குந்தி உட்கார்ந்து சட்டென்று எழும்போதுதான் அழுத்தம் வேகமாகச் சரிகிறது. சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதிப்பதும், இரவு விளக்கு ஒன்று எரியவிடுவதும், படுக்கையைக் கீழே மாற்றுவதும் பெரிய செலவில்லை. படுக்கையிலிருந்து எழுபவர் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்து, பிறகு நிற்க வேண்டும். நின்றபின் தலை சுற்றினால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடைகளை இறுக்கினால் அழுத்தம் சற்று ஏறும். அதற்கும் நிற்காவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். நீர்ச்சத்துக் குறைவும் ஒரு காரணம். டாக்டர் தண்ணீரைக் கட்டுப்படுத்தியிருக்காவிட்டால் காலையில் எழுமுன் இரண்டு கிளாஸ் தண்ணீர் நல்லது.

ரமளானில் இவையெல்லாம் ஒன்றுசேர்கின்றன: பகலெல்லாம் தண்ணீரில்லை, நோன்பு திறந்ததும் பெருஞ்சாப்பாடு, பின் தராவீஹில் நெடுநேரம் நிற்பது. ஆகவே மாத்திரை நேரத்தை நோன்புக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. சுஜூதிலிருந்து எழும்போது தள்ளாடும் பெரியவர் ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டுக்கொள்ள வெட்கப்படுகிறார். அந்த வெட்கத்தைப் போக்குவது பக்கத்தில் நிற்கும் இளைஞரின் வேலை.

இவ்வளவும் எழுந்து நிற்கும்போது வரும் மயக்கத்தைப் பற்றியது. உட்கார்ந்தபடியோ படுத்தபடியோ நினைவு தப்பினாலும், மூட்டை தூக்கும்போதோ படியேறும்போதோ தப்பினாலும், முன்னறிவிப்பே இல்லாமல் சாய்ந்தாலும், அது இருதயத் துடிப்புக் கோளாறாகவோ இருதய வாயில் சுருங்கியதாகவோ இருக்கக்கூடும். அதற்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

2018-ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கில், அறுபது வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 14 பேர் ஓராண்டுக்குள் ஒரு முறையேனும் விழுந்திருந்தார்கள். கடையில் ஒருவர் மயங்கினால் நாம் செய்வது என்ன? நாலு பேர் சேர்ந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, வாயில் தேத்தண்ணீர் ஊற்றுகிறோம். இரண்டுமே தவறு. நிமிர்த்தினால் மூளைக்கு இரத்தம் ஏறாது. நினைவில்லாதவர் வாயில் ஊற்றியது மூச்சுக்குழாயில் இறங்கும். அவரை அப்படியே படுக்கவைத்து, கால்களை ஒரு பெட்டியின் மேல் உயர்த்தி, சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டால் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் கண் விழிப்பார். விழிக்காவிட்டாலும், நெஞ்சு வலித்தாலும், பேச்சுக் குழறினாலும், வாய் கோணினாலும் 999-ஐ அழைக்க வேண்டும். எழுந்து, "ஒன்றுமில்லை" என்று சிரித்தாலும், தலையில் அடிபட்டிருந்து அவர் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக வேண்டும். மூளைக்குள் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும்.