எஞ்சின் திருட்டுக் காற்று குடிக்கிறதா? அக்கா சொல்லும் வழி

தங்கச்சி, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வண்டி குலுங்குகிறது, சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் தானாக ஏறி இறங்குகிறது, செக் எஞ்சின் லைட் எரிகிறது, ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள் என்றாய். சென்சாருக்குப் பணம் கட்டாதே. கொஞ்சம் பொறு. முதலில் காற்று எங்கே கசிகிறது என்று பார்ப்போம்.

ஸ்கேனரில் பி0171 என்ற கோடு வந்திருக்கிறது என்றும் சொன்னாய். கலவை லீனாக இருக்கிறது, அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று அதற்குப் பொருள். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் காற்று ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி என்று நேர்வழியில் வந்தால்தான் எஞ்சின் கம்ப்யூட்டரால் கணக்கு வைத்துப் பெட்ரோல் விட முடியும். ஒரு ரப்பர் ஹோஸில் கீறலோ, மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் இடைவெளியோ இருந்தால் காற்று பக்கவாட்டில் புகுந்துவிடும். மெக்கானிக்குகள் இதைத்தான் ‘ஏர் எடுக்குது’ என்பார்கள். புகையில் ஆக்சிஜன் மிச்சமிருப்பதைக் கண்டு சொன்னது அந்தச் சென்சார். சரியாகச் சொன்னதற்காக அதையே கழற்றிப் போடுவது வீண் செலவு.

ஐடிலில்தான் தொல்லை அதிகமாக இருக்கும். காரணம் இதுதான்: ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் 30, 40 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும், இதைத்தான் வேக்குவம் என்பார்கள். வெளியே இருப்பதோ சுமார் 100. கீறல் விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினால் வாய்க்குக் காற்றுதானே வரும், அதுபோலச் சின்ன ஓட்டை வழியாகக்கூடக் காற்று வேகமாக உள்ளே இழுபடும். மிதித்து ஓட்டும்போது நேர்வழிக் காற்றே நிறைய வருவதால் இந்தக் கசிவு அதற்குள் கரைந்துவிடும். அதனால்தான் ஹைவேயில் ஒழுங்காக ஓடுகிற வண்டி டிராஃபிக்கில் நின்றால் மட்டும் படுத்துகிறது. காலைக் குளிரில் ரப்பரும் கேஸ்கட்டும் சுருங்கியிருக்கும்போது குலுக்கல் கூடும், சூடேறினால் அடங்கும்.

பானட்டைத் திறக்கும் முன் அக்கா சொல்வதைக் கேள். துப்பட்டாவைக் கழற்றி வை, தலைமுடியை இறுக்கிக் கொண்டை போடு, வளையலை எடுத்துவிடு. கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழு. ரேடியேட்டர் ஃபேன் சில வண்டிகளில் எஞ்சினை அணைத்த பிறகும் திடீரென்று சுற்றும், அந்தப் பக்கம் கை கொண்டு போகாதே. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. வாசலில் நிறுத்திப் பார்.

முதல் வேலை எஞ்சின் ஆறியிருக்கும்போது. டார்ச் அடித்து ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் விரலால் வளைத்துப் பார். மேலே நன்றாகத் தெரியும் ஹோஸ் அடிப்பக்கம் வெடித்திருக்கும், வளைகிற இடத்தில்தான் முதலில் கிழியும். வால்வு கவரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் பிசிவி ஹோஸ் எண்ணெய் ஆவியிலேயே ஊறி ஊறிக் கொழகொழவென்று ஆகியிருந்தால் அதன் மேல்தான் முதல் சந்தேகம். ஏர் ஃபில்டர் மாற்றிய பிறகு தொல்லை ஆரம்பித்ததா? த்ராட்டிலுக்குப் போகும் பெரிய குழாயின் கிளாம்பை முறுக்காமல் விட்டிருப்பார்கள். ஆயில் மூடியும் டிப்ஸ்டிக்கும் முழுதாக உட்கார்ந்திருக்கின்றனவா பார். சில எஞ்சின்களில் அதுகூடப் போதும், லைட் எரிய. எலிக் கடியையும் மறக்காதே. மழைக்காலத்தில் சூடான எஞ்சினைத் தேடி எலி வரும், கையில் கிடைத்த ஹோஸைக் கடித்துவிட்டுப் போகும். எலிப் புழுக்கை கண்ணில் பட்டால் அந்த இடத்தைச் சுற்றி நிதானமாகத் தேடு.

இப்போது ஸ்டார்ட் பண்ணிக் கேள். ‘உஸ்’ என்ற சத்தம் வரும். அரை மீட்டர் ரப்பர் டியூப் ஒன்றை எடுத்து ஒரு முனையைக் காதருகில் வைத்து, மறுமுனையை ஹோஸ்கள், கேஸ்கட் ஓரம், இன்ஜெக்டர் உட்காரும் இடம் என்று மெல்ல நகர்த்து. பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகில் வேண்டாம். கசிவின் மேல் வந்ததும் சத்தம் சட்டென்று பெரிதாகும்.

சத்தம் பிடிபடாவிட்டால் இருக்கவே இருக்கிறது ஸ்கேனர். பத்து வருடத்துக்குள் வந்த பெட்ரோல் கார் என்றால் ஸ்டியரிங் பக்கம் கீழே 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி போனில் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார். லீனைச் சரிக்கட்டக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூடுதல் பெட்ரோல் விடுகிறது என்பதுதான் அது. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு எண் வரும், இரண்டையும் கூட்டிக்கொள். ஐந்துக்குள் இருந்தால் ஆரோக்கியம், பத்து வரை பொறுக்கலாம். ஐடிலில் 20, 25 என்று நின்று, 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் ஐந்தாறுக்கு இறங்குகிறதா? பெரும்பாலும் வேக்குவம் லீக்தான். தலைகீழாக, வேகமெடுக்கும்போதுதான் ஏறுகிறதென்றால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போ. பங்க்கில் வரும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்குக் காற்று குறைவாகவே வேண்டும் என்பதால் பழைய வண்டியில் ட்ரிம் சில புள்ளிகள் கூடுவது இயல்பு. ஆனால் அது எல்லா வேகத்திலும் ஒரேபோலக் கூடும், ஐடிலில் மட்டும் தாவாது.

நிறையப் பேர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. காற்றை நேரடியாக அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் வைத்த வண்டியில்தான் லீன் கோடு பளிச்சென்று வரும். சின்ன கார்கள் பலவற்றில் மேப் சென்சார்தான், அது மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கிறது. கசிந்து வந்த காற்றும் அழுத்தத்தை உயர்த்துவதால், கம்ப்யூட்டர் அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விட்டுவிடும். ட்ரிம் பெரிதாக மாறாது, ஐடில் மட்டும் ஏறி நிற்கும். கோடு இல்லை, அதனால் லீக் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே.

மற்றதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், இதை இன்றைக்கே செய். பிரேக் பூஸ்டர் இந்த வேக்குவத்தில்தான் வேலை செய்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடல் கல் மாதிரி இறுகும்வரை பலமுறை மிதி. காலை எடுக்காமல் அப்படியே ஸ்டார்ட் பண்ணு. பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, மிதிக்கும்போது காலடியில் ‘உஸ்’ என்று கேட்டாலோ, மிதித்ததும் எஞ்சின் தடுமாறினாலோ பூஸ்டரிலோ அதன் ஹோஸிலோ கோளாறு. அந்த வண்டியை ஓட்டாதே. மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடு.

சந்தேகமான ஹோஸை முனை மழுங்கிய இடுக்கியால், துணி சுற்றி, ஒரு நொடி நசுக்கிப் பார். ஐடில் மாறினால் கசிவு அந்த வழியில். பெட்ரோல் டேங்க் ஆவியைக் கொண்டுவரும் பர்ஜ் வால்வு ஹோஸையும் இப்படிச் சோதி. ஐடிலில் அந்த வால்வு மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் இழுத்தால் அது திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் நிரப்பியவுடன் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் அதுவும் இதே வால்வின் அறிகுறி.

கார்ப் கிளீனரைப் பீய்ச்சிப் பார்ப்பது பழைய வழக்கம். நீ செய்யாதே. பக்கத்திலேயே கொதிக்கும் சைலன்சர் மேனிஃபோல்ட் இருக்கிறது, ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்து, கேஸ்கட் ஓரத்தில் லேசாக அடி. தண்ணீர் ஓட்டையை ஒரு கணம் அடைக்கும், சத்தமும் ஐடிலும் மாறும். காயில், ஒயர் கனெக்டர், சூடான இரும்பு மேல் மட்டும் படக் கூடாது.

இத்தனையிலும் சிக்கவில்லை என்றால் ஸ்மோக் டெஸ்ட் கேள். எஞ்சினை அணைத்துவிட்டு மேனிஃபோல்டுக்குள் ஒரு பிஎஸ்ஐ அளவிலான மெல்லிய அழுத்தத்தில் எண்ணெய்ப் புகையை விடுவார்கள். எங்கிருந்து புகை வருகிறதோ அங்கே ஓட்டை. இவ்வளவு தெளிவான சோதனை வேறில்லை. பஞ்சர் கடை கம்ப்ரஸரை நேராக மாட்டிக் காற்றடிக்கும் இடத்தில் மட்டும் வண்டியை விடாதே, நல்ல சீல்களும் பிய்ந்துவிடும்.

வேக்குவம் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. சென்னை மாதிரிச் சமவெளியில் ஐடிலில் முள் 17 முதல் 21 அங்குலத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஊட்டியில் அதே வண்டி 7 அங்குலம் வரை குறைத்துக் காட்டும். அது உயரத்தால் வருவது, கசிவு அல்ல. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று கலந்து பொய் லீன் காட்டும். குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது ‘டக் டக்’ என்று அங்கிருந்து சத்தம் வருகிறதா என்பதையும் கேட்டு வை.

இன்சுலேஷன் டேப் சுற்றி அனுப்புவதற்குச் சம்மதிக்காதே. எஞ்சின் சூட்டில் பசை உருகிச் சீக்கிரமே பழையபடி ஆகும். மீன் தொட்டி டியூபும் வேண்டாம், வேக்குவம் இழுத்தால் சப்பிக்கொள்ளும். வேக்குவத்துக்கென்றே வரும் ஹோஸை அதே உள்விட்டத்தில் வாங்கு. பூஸ்டர் ஹோஸ் என்றால் கம்பெனி பார்ட் தவிர வேறெதையும் ஏற்காதே.

மாற்றிய பிறகு கோடை அழித்துவிட்டு, சில நாள் ஓட்டி, ஐடிலில் ட்ரிம்மை மறுபடி பார். ஐந்துக்குள் வந்திருந்தால் வேலை முடிந்தது. கழற்றிய பழைய ஹோஸையோ கேஸ்கட்டையோ கேட்டு வாங்கு, கிழிசலை உன் கண்ணால் பார்த்த பிறகு பில்லைக் கட்டு.