வீடு எரிந்த சாம்பல் எரு ஆகாது



சாம்பல்னா நமக்கெல்லாம் தனிப் பிரியம்தான். அவரையில் அசுவினி வந்தால் விடியக்காலம் பனி ஈரத்தோடு சாம்பல் தூவுகிறோம். விதைக்கு எடுத்து வைக்கிற பயறில் கலந்து வைக்கிறோம். அடுப்புச் சாம்பல் மிஞ்சினால் குப்பைக்குழிக்குப் போகுது. பொட்டாசியத்துக்கே சாம்பல் சத்து என்று பேர் வைத்தவர்கள் நாம். அந்தப் பிரியத்தில் நான் ஒரு காய்கறிப் பாத்தியைக் கெடுக்கப் பார்த்தேன். நம்ம தோட்டத்தில் இல்லை, ஆஸ்திரேலியாவில்.

மகள் கான்பெராவில் இருக்கிறாள். 2020 தொடக்கத்தில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அந்தக் கோடையில் அங்கே பிடித்த காட்டுத்தீ உங்களுக்கு நினைவிருக்கும். 3000க்கும் மேல் வீடுகள் போச்சு. தீயில் நேரடியாகச் செத்தவர்கள் 33 பேர். கால்நடைக்கும் காட்டு உயிர்களுக்கும் கணக்கே இல்லை. கான்பெராவிலிருந்து காரில் மூணு மணி நேரம் போனால் கோபார்கோ என்று ஓர் ஊர் வரும். பால் மாட்டுப் பண்ணைகள் உள்ள வட்டாரம். டிசம்பர் 31 விடியுமுன்னே அங்கே தீ புகுந்து, கடைவீதிக் கட்டிடங்கள் பலவற்றைக் கொண்டுபோய்விட்டது.

அந்தப் பக்கம் ஒரு வயதான தம்பதியின் பண்ணைக்கு, மகளின் சிநேகிதி ஒருத்தி மூலமாக வேலி போடப் போனோம். அங்கே பிளேஸ்எய்ட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 2009இல் விக்டோரியாவில் 173 பேரைக் கொன்ற தீக்குப் பிறகு, கெவின் பட்லர், ரோண்டா பட்லர் என்ற தம்பதி தங்கள் ஆட்டுப் பண்ணை வேலியைச் சரிசெய்ய ஆள் கேட்டார்கள். உதவிக்கு வந்தவர்கள் அடுத்த பண்ணைக்கும் போனார்கள். அப்படி வளர்ந்தது. சம்பளம் கிடையாது, வேலிதான் வேலை. அதைப் பார்த்து அங்கே பலபேர் தாங்களாகவே இப்படிக் கிளம்புகிறார்கள். நாங்களும் அப்படிப் போனவர்கள்தான்.

பண்ணையில் வீடு இல்லை. புகைபோக்கி மட்டும் நிற்குது. காய்கறிப் பாத்தி பாதி கருகிப் பாதி தப்பியிருந்தது. ரசாயனம் போடாத மண். கையில் எடுத்தால் நம்ம மண்புழு உரம் மாதிரி பொலபொலன்னு இருந்தது. பக்கத்திலே வேலிக்கால் எரிந்து வரிசையாகச் சாம்பல் குவியல் கிடக்குது. இரண்டு வாளி அள்ளிக்கொண்டு பாத்திக்கு நடந்தேன். அந்தம்மா கேட்டிலிருந்து கத்தின கத்தலில் வாளியை அப்படியே வைத்துவிட்டேன்.

அப்புறம் கார் நிழலில் உட்கார வைத்து விளக்கினார். அங்கே வேலிக்கால் கல்லும் இல்லை, சிமெண்டும் இல்லை. பைன் மரம். கரையான் அரிக்காமல் இருக்க தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்தை அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றியிருப்பார்கள். புதுக்கால் லேசாகப் பச்சையாகத் தெரியும். மரம் நிற்கும் வரை பெரிய தொந்தரவு இல்லை. எரிந்துவிட்டால் மரம் போய்விடும், உலோகமும் ஆர்சனிக்கும் சாம்பலில் தங்கிவிடும். அந்தச் சாம்பலின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் அந்த மூன்றாகவே இருக்கலாம். சில கிராம் வாய்க்குள் போனாலே ஆபத்து. அது உப்புக் கரிக்குமாம். அதனால் மாடு தேடி வந்து நக்கும். தீயில் தப்பின மாடு, வேலிக்கால் சாம்பலை நக்கிச் செத்துப்போவது அங்கே தெரிந்த சங்கதி. நான் அள்ளினது அதைத்தான்.

ஆர்சனிக் என்பது மட்கிப் போகிற பொருள் இல்லை. எத்தனை பஞ்சகவ்யம் ஊற்றினாலும் மண்ணில் அப்படியே கிடக்கும். நமக்கு இதுதான் முக்கியம். பூச்சிமருந்து அடிக்காத பாத்தியில், ஒரு வாளிச் சாம்பலோடு தலைமுறைக்கும் போகாத நஞ்சைச் சேர்த்திருப்பேன். அதுவும் நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பில்.

புல்லும் சருகும் காட்டு மரமும் எரிந்த சாம்பல் வேறு. அது மண்ணுக்குப் போகலாம், அளவோடு. வீடு, கொட்டகை, வண்டி, மருந்தேற்றிய மரம் எரிந்த சாம்பல் வேறு. அதில் பழைய பெயிண்டின் ஈயம், பேட்டரி, பிளாஸ்டிக், கொட்டகையில் வைத்திருந்த மருந்து டப்பா எல்லாம் இருக்கும். இரண்டும் சாம்பல் நிறம்தான். கண்ணால் பிரிக்க முடியாது. எந்த இடத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்தான் பிரிக்க முடியும்.

அடுத்தது கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உடனே புரியும். ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் முழுத்தடை. ஆனால் பழைய வீடுகளில் சுவர், கூரை, குளியலறைத் தடுப்பு எல்லாம் அதுதான். 1990க்கு முன் கட்டிய வீடு என்றால் கல்நார் இருக்கும் என்றே வைத்துக்கொள்வார்கள். தீச்சூட்டில் அந்த சீட் பட்டாசு மாதிரி வெடித்து, துண்டு துண்டாகத் தெறிக்கும். துண்டில் உள்ள நார் காற்றில் பறந்தால் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். நோய் இருபது, முப்பது வருஷம் கழித்து வரும். அதனால் எரிந்த வீட்டைச் சொந்தக்காரரே கூட்டக் கூடாது. பயிற்சி பெற்ற ஆட்கள் வந்து, தூசி எழாமல் முதலில் பசைக் கரைசல் தெளித்து, கனமான பிளாஸ்டிக் தாளில் இரட்டையாகச் சுற்றி எடுத்துப் போனார்கள். செலவு அரசாங்கத்தினுடையது. ஆனால் முறை வருவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கணும். அந்தப் பெரியவருக்கு அதுதான் தாங்கவில்லை. கல்யாண மோதிரம் படுக்கையறைப் பக்கம் எங்கேயோ கிடக்குது, நான் போய்த் தேடறேன் என்று தினம் கிளம்புவார். அந்தம்மா விடமாட்டார். எனக்கும் அவர் பக்கம்தான் மனசு போச்சு. ஆனாலும் அந்தம்மா சொன்னதுதான் சரி.

அவசியம் போய்த்தான் ஆகணும் என்றால் எப்படிப் போவது? எதையும் தொடுமுன் படம் எடுக்கணும், இன்சூரன்சுக்கு வேணும். மின்சாரமும் கேஸும் துண்டித்தாச்சு என்று உறுதி வரணும். சோலார் தகடு உடைந்து தொங்கினாலும் வெயில் பட்டால் மின்சாரம் வரும், அதைக் கையால் தொடக் கூடாது. உடம்பு முழுக்க மூடும் உடையை ஒரு தடவை போட்டு எறிந்துவிடணும். கனத்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ், தோல் கையுறை, பி2 முகக்கவசம் வேணும். நம்ம ஊர் என்95 மாதிரி. துண்டைக் கட்டினால் ஆகாது. தாடி இருந்தால் கவசம் முகத்தில் ஒட்டாது என்று என்னை எடுக்கச் சொல்லிட்டாங்க. முப்பது வருஷத் தாடி. மகளுக்கு ஒரே சிரிப்பு.

உலர்ந்த சாம்பலில் துடைப்பம் படக்கூடாது. காற்றடிக்கும் எந்திரமும் கூடாது. தண்ணீரைப் பூவாளி மாதிரி மெல்லத் தெளித்து ஈரமாகவே வைக்கணும். பீய்ச்சி அடித்தால் சாம்பல் ஓடைக்குப் போய்விடும். குழந்தைகளையும் நாயையும் மாட்டையும் உள்ளே விடக் கூடாது. திரும்பும்போது பூட்ஸை கேட்டிலேயே கழுவிக் கழற்றிவிட்டுத்தான் காருக்குள் ஏறினோம்.

நிற்கிற மரம்தான் இன்னும் ஏமாற்றும். யூகலிப்டஸ் வேர் மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே மண் கெட்டியாகத் தெரியும். காலை வைத்தால் பொக்கென்று உள்ளே போகும், கீழே நெருப்பு. காற்றே இல்லாத நாளில் கிளை விழுவதைப் பார்த்தேன். செப்டிக் டேங்க் மூடியும் அப்படித்தான், சூட்டில் வலுவிழந்திருக்கும். அதன் மேல் டிராக்டர் ஏற்றக் கூடாது.

அங்கே குடிதண்ணீர் பெரும்பாலும் கூரை மழைநீர். பிப்ரவரியில் நல்ல மழை பிடித்தது. மழைக்கு முன்னாலேயே தொட்டிக்குப் போகிற குழாயைக் கழற்றிவிட்டவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் தொட்டியில் சாம்பலும் செத்த பறவையும் சேர்ந்து, இருக்கிற தண்ணீரை இறைத்துவிட்டுக் கழுவணும். சரிவில் வைக்கோல் கட்டுகளையும் கருகிய கட்டைகளையும் சமமட்டத்தில் குறுக்கே போட்டோம். நம்ம வரப்பு வேலைதான், அதில் எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கலை.

தீவனமும் ஒரு விஷயம். வெளியூர்க்காரர்கள் லாரி லாரியாக வைக்கோல் அனுப்பினார்கள், நல்ல மனசு. ஆனால் அந்தக் கட்டுகளோடு களைவிதையும் வரும். அதனால் அந்தம்மா பண்ணை முழுக்க இறைக்காமல், ஒரே மூலையில் மட்டும் மாட்டுக்குப் போட்டார். முளைக்கிற களை அங்கேயே முளைக்கட்டும், பிடுங்கிக்கலாம் என்று.

நான் ஊர் திரும்பின பிறகு மண் பரிசோதனை முடிவு வந்ததாக மகள் சொன்னாள். வேலிக்கால் ஓரமிருந்த பாத்தியில் ஆர்சனிக் கூடுதல். மேல்மண்ணை வழித்துக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பினார்களாம். எத்தனை வருஷம் கட்டின மண். நடுப்பாத்திகள் தப்பிச்சது. நான் வாளியைச் சாய்க்க இருந்தது நடுப்பாத்தியில்.

இங்கே நம்ம ஊரில் குடிசையோ கொட்டகையோ எரிந்தால் என்ன செய்கிறோம்? மறுநாளே வெறுங்கையோடு கூட்டி அள்ளிக் குப்பைக்குழியில் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். கூரைக்குத் தார்ப்பாய், உள்ளே பூச்சிமருந்து டப்பா, ஒயர், பழைய பேட்டரி. அதெல்லாம் மட்கி வயலுக்குத்தான் போயிருக்கும். சிமெண்ட் சீட் என்று வாங்குகிறோமே, அதில் பெரும்பாலும் கல்நார்தான். இங்கே அதற்கு இன்னும் தடை இல்லை. என் ஆட்டுக்கொட்டகையின் மேலேயும் பதினாறு சீட் கிடக்குது. ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்திருக்கிறேன். ஈரம் தெளித்து, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் முழுசாக இறக்குகிறோம். இதுவரைக்கும் ஐந்து ஆச்சு.